போனுக்குள்ள நம்ம கடைப் பலகை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் செய்யும் உறுப்பினர்கள் வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி" என்று பேசச் சொல்லியிருக்காங்க. அது பெரிய தலைப்பு. அதுல எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன மூலையை மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடுறேன். ஒருத்தர் நம்ம நம்பரை போன்ல பதிஞ்சுட்டு, வாட்ஸ்அப்பைத் திறந்து, நம்ம படத்தைத் தொட்டுப் பார்க்கிறாங்க இல்லையா, அந்த இடம். இங்கிலீஷ்ல ப்ரொஃபைல்னு சொல்றாங்க. நான் அதை நம்ம கடைப் பலகைன்னு நினைச்சுக்கிறேன். நமக்குப் பஜார்ல கடை கிடையாது. வாடகை கொடுக்கவும் வழி கிடையாது. போனுக்குள்ள இருக்கிற அந்த ஒரு பக்கந்தான் நம்ம கடை வாசல்.

எங்க குழுவுல ஐந்து பேர் சேர்ந்து பலகாரம் போடுறோம். காரைக்குடிப் பக்கம். கை முறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம். வங்கிக் கடன் 3 லட்சம் எடுத்து மாவு மிஷினும் பெரிய அடுப்பும் வாங்கினோம். மாசம் 14,000 ரூபாய் தவணை. தீபாவளிக்கு முன்னாடி தவணை கட்டுறது ஒரு பொருட்டே இல்லை. கார்த்திகை, மார்கழி வந்தா அடுப்பு அணைஞ்சு கிடக்கும், தவணைத் தேதி மட்டும் தவறாம வந்துடும். இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியும்.

ஒரு புரட்டாசியில சென்னையில கண்காட்சிக்குப் போயிருந்தோம். நம்ம குழுப் பொருளுக்கு "மதி"ன்னு பேர் வச்சு விற்கிறாங்க இல்லையா, அந்த ஸ்டால். நல்ல வியாபாரம். வந்தவங்களுக்கெல்லாம் ஒரு நோட்டீஸ் கொடுத்தோம், அதுல என் நம்பர். என் நம்பர்னு சொல்றேன், அது எங்க வீட்டுக்காரர் போன். அப்ப என்கிட்ட தனி போன் கிடையாது.

மார்கழி வந்தது. அந்த மாசத் தவணைக்கு 4,800 ரூபாய் குறைஞ்சது. எங்க ஐந்து பேர்ல ஒரு அக்கா, பேர் சொல்ல வேண்டாம், காதுல கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாங்க. அடகுக் கடையில 5,000 வாங்கி வங்கியில கட்டினோம். ஒத்தை நாள் தள்ளிப் போகலை. ஆனா அந்த அக்கா தைப்பொங்கலுக்குக் காதுல வேப்பங்குச்சி சொருகிக்கிட்டு வந்ததை நான் மறக்கலை.

பங்குனியில ஒரு போன். "நீங்கதான் அந்தப் பலகாரம் போடுறவங்களா? நம்பர் சரியா?"ன்னு ஒரு ஆச்சி கேட்கிறாங்க. சொந்த ஊருக்குப் படைப்புக்கு வந்திருந்தவங்க, நாங்க சரக்குப் போடுற கடையில எங்க பாக்கெட்டைப் பார்த்து, அதுல இருந்த நம்பருக்கு அடிச்சிருக்காங்க. "நான் உங்களைச் சென்னையிலேயே பார்த்தேனே. தையில எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு 40 கிலோ உங்ககிட்டச் சொல்லணும்னுதான் நம்பரைப் பதிஞ்சேன். படத்தைப் பார்த்தா ஒரு ஆள் லாரி பக்கத்துல நிக்கிறார். 'முறுக்கு செய்வீங்களா'ன்னு கேட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் வரலை. நம்பரைத் தப்பா எழுதிட்டேன்போலன்னு வேற இடத்துல சொல்லிட்டேன்"னாங்க.

எங்க வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறவர். அவர் போன்ல அவர் படம், அவர் வண்டி. பேர் இருக்கிற இடத்துல "கிங்"னு போட்டிருந்தார். கீழே "கடவுள் துணை". அவரைக் குத்தம் சொல்ல முடியாது, போன் அவருது. சேலம் ரோட்டுல எங்கேயோ வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது அந்த மெசேஜைப் பார்த்திருக்கார், வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு நினைச்சார், மறந்துட்டார்.

40 கிலோ. அன்னைக்கு விலைக்கு 16,000 ரூபாய். செலவு போக ஒரு 5,000 நின்னிருக்கும். முன்பணம் மார்கழியிலேயே வந்திருக்கும். நான் அந்த அக்கா காதைத்தான் நினைச்சுப் பார்த்தேன். சரக்குல குறை இல்லை, விலையில குறை இல்லை, வந்த ஆச்சிக்கும் எங்ககிட்ட வாங்கத்தான் ஆசை. கடை வாசல்ல பலகை இல்லாம போச்சு, அவ்வளவுதான்.

அதனால முதல்ல நம்பரைச் சொல்றேன். தொழிலுக்குத் தனி நம்பர் வாங்குங்க. வீட்டுக்காரர் நம்பர் வேண்டாம், மகன் நம்பரும் வேண்டாம். நம்ம கூட்டமைப்புலயே ஒரு தையல்காரத் தங்கச்சி மகன் நம்பரை எல்லாருக்கும் கொடுத்து வச்சிருந்தா. அவனுக்குத் திருப்பூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான், நம்பரும் அவனோட போயிடுச்சு. ரவிக்கை கொடுத்தவங்க திருப்பூருக்குப் போன் போட்டுட்டு இருந்தாங்க. புதுசா ஒரு போன் வாங்கணும்னு இல்லை. இப்ப போன்ல ரெண்டு சிம் போடலாம். ஒரு சிம்முல உங்க வீட்டு வாட்ஸ்அப், இன்னொரு சிம்முல வாட்ஸ்அப் பிசினஸ். 2018ல வந்த ஆப் அது, காசு கிடையாது. ஒரே போன்ல ரெண்டும் ஓடும், நம்பர் மட்டும் வேற வேறயா இருக்கணும். குழுவாத் தொழில் செய்றவங்க அந்த சிம்மை யார் பேர்ல வாங்குறது, யார் வச்சுக்கிறதுன்னு தீர்மான நோட்டுல எழுதி வச்சுக்குங்க. சிரிக்காதீங்க. ஒரு குழு உடைஞ்சப்ப மாவு மிஷினைப் பங்கு போட்டுட்டாங்க, நம்பருக்குத்தான் சண்டை நடந்தது. வாடிக்கையாளர் எல்லாம் அதுல இருந்தாங்க.

அடுத்து எங்க ரெண்டாவது தப்பு.

தனி நம்பர் வாங்கினோம். ஆப்பும் போட்டாச்சு. எழுதணுமே? என் அக்கா மகன் காலேஜ் படிக்கிறான், "சித்தி, நான் எழுதித் தர்றேன்"னான். இங்கிலீஷ்ல எழுதினான். படிக்கிறதுக்கு ரொம்பக் கம்பீரமா இருந்தது. உலகத் தரம், முன்னணி உற்பத்தியாளர், நூறு சதவீத வாடிக்கையாளர் திருப்தி, இப்படி எல்லாம். எங்களுக்கும் பெருமையாத்தான் இருந்தது. என்ன ஆச்சுன்னா, முதல் மாசத்துல வந்த விசாரணை எல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு பெரிய கடையில இருந்து 500 கிலோ கேட்டாங்க, பார்கோடு இருக்கா, மாசக் கடனுக்குத் தருவீங்களான்னு. இன்னொருத்தர் "உங்க ஃபேக்டரியை வந்து பார்க்கணும்"னார். எங்க ஃபேக்டரி ஒரு ஓட்டுக் கொட்டகை. இது ஒரு பக்கம்னா, பழைய வாடிக்கையாளர் ஒரு ஆச்சி கூப்பிட்டு, "என்னடி, கம்பெனிக்கு வித்துட்டீங்களா? எங்களுக்குக் கம்பெனிப் பலகாரம் வேண்டாம்"னாங்க.

அப்பத்தான் புரிஞ்சது. அந்த ஆச்சி எங்ககிட்ட வாங்குறதே நாங்க ஐந்து பேர் கையால சுத்துறோம்னுதான். அதையே நாங்க மறைச்சுட்டோம். பெரிய ஆள் மாதிரி எழுதினா பெரிய ஆள்தான் வருவார், அவர் கேட்கிறது நம்மகிட்ட இருக்காது. நம்மகிட்ட இருக்கிறதைத் தேடுறவங்க, நம்மளைத் தாண்டிப் போயிடுவாங்க.

மூணாவது தடவை ஐந்து பேரும் சேர்ந்து எழுதினோம். ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு. அது எப்படி நடந்ததுன்னு கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா உங்க தொழிலுக்கும் அதே வழிதான்.

முதல்ல நாங்க என்ன சொல்லணும்னு யோசிக்கலை. வாங்கினவங்க எங்களைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒவ்வொருத்தரா ஞாபகப்படுத்திச் சொன்னோம். ஒருத்தங்க, "உங்க சீப்புச் சீடை பல்லுக்கு இதமா இருக்கு, எங்க மாமியாரே கடிச்சாங்க"ன்னு சொல்லியிருந்தாங்க. இன்னொருத்தங்க, "எண்ணெய்ச் சிக்கு வாடை வரலை"ன்னாங்க. கல்யாண வீட்டுக்காரர் ஒருத்தர், "சொன்ன தேதிக்கு வந்துச்சு, அதுவே பெரிசு"ன்னார். பாருங்க, "உலகத் தரம்"னு யாருமே சொல்லலை. இந்த மூணு பேச்சையும் ஒரு தாள்ல எழுதினோம்.

அப்புறம், கூப்பிடுறவங்க எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்விகளை எழுதினோம். என்னென்ன செய்வீங்க? என்ன எண்ணெய்? எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? குறைஞ்சது எத்தனை கிலோ? வெளியூருக்கு அனுப்புவீங்களா? எந்த ஊர் நீங்க? ஒரு நாளைக்கு இதே கேள்விக்கு இருபது தடவை பதில் சொல்லிட்டு இருந்தோம், மாவுக் கையோட. அதுக்கெல்லாம் பலகையிலேயே பதில் இருந்துட்டா, கூப்பிடுறவங்க நேரா ஆர்டருக்கு வந்துடுவாங்க.

எழுதும்போது ஒரு சண்டை வந்தது. ஒருத்தி, "நெய்யில செஞ்சதுன்னு போடுவோம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க"ன்னா. நாங்க பொரிக்கிறது கடலை எண்ணெய். கேட்டுச் சொன்னா மட்டும் அதிரசம் நெய்யில செய்வோம். "ஒரு வார்த்தைதானே"ன்னா. தோடு கொடுத்தாங்களே, அந்த அக்கா சொன்னாங்க: "வாயில வச்ச உடனே தெரிஞ்சுடும்டி. அந்த ஆச்சிமாருக்கு நெய் தெரியாதா?" கடலை எண்ணெய்னே போட்டோம். இன்னைக்கு அந்த வார்த்தையைப் பார்த்துட்டுத்தான் நிறையப் பேர் கூப்பிடுறாங்க, பாமாயில் இல்லைன்னு. "கையால்"ங்கிற வார்த்தைக்கும் யோசிச்சோம். மாவு மிஷின்ல அரைக்கிறோம், முறுக்கு கையில சுத்துறோம். அதனால "கையால் சுற்றிய முறுக்கு"ன்னு மட்டும் எழுதினோம்.

அந்த ஆப்ல விவரம் எழுதுற இடத்துக்கு ஒரு அளவு இருக்கு, 512 எழுத்து. தமிழ்ல எழுதுறவங்க இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். போன் நம்மளை மாதிரி எண்ணாது. முறுக்குன்னா நமக்கு 4 எழுத்து. போன் கணக்குல 8. கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். அதனால நாலு வரி எழுதினதுமே இடம் தீர்ந்துடுச்சேன்னு பயப்படாதீங்க, அது அப்படித்தான். நாங்க கடைசியா எழுதினது இது:

"செட்டிநாட்டுப் பலகாரம். காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து செய்கிறோம். கையால் சுற்றிய முறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம். கடலை எண்ணெயில் பொரித்தது. கல்யாணச் சீருக்கு 10 நாள் முன்னால் சொல்லுங்கள். வீட்டுக்கு 2 கிலோவிலிருந்து. சொன்ன தேதிக்கு வந்து சேரும். தமிழ்நாடு முழுக்கப் பார்சல் உண்டு."

இதுக்குக் கீழே உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கம். கடைசியில இங்கிலீஷ்ல ஒரே வரி: செட்டிநாடு ஹோம்மேட் ஸ்நாக்ஸ், காரைக்குடி. அந்த இங்கிலீஷ் வரி எதுக்குன்னா, ஆச்சிக்குத் தமிழ் தெரியும், பெங்களூர்ல இருந்து ஆர்டர் போட்டுக் கொடுக்கிற பேரனுக்குத் தமிழ் படிக்க வராது. பதிவு எண் எதுக்குன்னா, புதுசா வாங்குறவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வர வேற வழி இல்லை. அந்த எண்ணைப் போட்டு அவங்களே சரிபார்த்துக்கலாம். சாப்பிடுற பொருள் செய்றவங்க யாராவது இன்னும் பதிவு பண்ணாம இருந்தா, பலகையை அப்புறம் எழுதிக்கலாம், முதல்ல போய்ப் பதிவு பண்ணுங்க.

பேர் வைக்கிற விஷயத்தையும் சொல்லிடறேன். எங்க குழுப் பேர் சாமி பேர். வங்கிப் புத்தகத்துக்கு அது சரி. அந்தப் பேர்ல நம்ம ஒன்றியத்துலயே நாலு குழு இருக்கு. வாங்குறவங்களுக்கு அந்தப் பேரைப் பார்த்தா கோயில் நன்கொடைக் குழு மாதிரி இருக்கும். அதனால போன்ல ஊர்ப் பேரும் பொருள் பேரும் சேர்ந்து வர்ற மாதிரி வச்சோம். என்ன விக்கிறோம்னு பேர்லயே தெரியணும். சாமிப் படத்தையும் எடுத்துட்டோம். அதுக்குக் கொஞ்சம் மனசு சங்கடப்பட்டோம், அப்புறம் பிள்ளையாரைக் கொட்டகைச் சுவர்ல மாட்டிட்டோம், அங்கதான் அவருக்கும் வேலை. போன்ல வச்ச படம், வெள்ளைத் துணி மேல முறுக்குச் சுத்துற ரெண்டு கை. வெயில் நேரத்துல ஜன்னலோரம் வச்சு எடுத்தது. ராத்திரி டியூப் லைட்டுல எடுத்தா அதிரசம் கரி மாதிரி விழும், எத்தனை தடவை எடுத்துப் பார்த்தோம்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஒண்ணு, கூகுள்ல இருந்து அடுத்தவங்க எடுத்த படத்தை எடுத்துப் போடாதீங்க. படத்துல ஒரு மாதிரி, பார்சல்ல ஒரு மாதிரின்னா அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டாங்க.

பலகாரம் பேச்சாவே போயிட்டிருக்கு, மத்தத் தொழில்காரங்க கோவிச்சுக்காதீங்க.

தையல்காரங்க பலகையில "அனைத்து வகைத் தையலும் செய்து தரப்படும்"னுதான் எல்லாரும் எழுதுறாங்க. அதைப் படிச்சா எல்லா டைலரும் ஒண்ணுதான். எதுல உங்க கை நல்லா நிக்குதோ அதை முதல்ல எழுதுங்க. கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வீங்கன்னா அதை முதல் வரியில போடுங்க, எத்தனை நாள் ஆகும்னும் போடுங்க. தையல்ல சண்டை வர்றதே நாளாலதானே. அளவு ரவிக்கை கொண்டுவரச் சொல்லி அதுலயே எழுதிடுங்க. பழைய சேலைக்கு ஓரம் அடிக்கிறது, ஃபால்ஸ் வைக்கிறது எல்லாம் வந்தவங்க கேட்டா சொல்லிக்கலாம்.

சமையல் ஆர்டர் எடுக்கிறவங்க எத்தனை பேருக்குச் செய்ய முடியும்னு மேல் கணக்கை எழுதுங்க. "50 பேர் முதல் 150 பேர் வரை"ன்னு எழுத ஒரு அக்கா பயந்தாங்க, 300 பேர் ஆர்டர் போயிடுமேன்னு. 300 பேர் ஆர்டரை எடுத்துட்டு சாம்பார் பத்தாம தலைகுனியறதைவிட அது போகட்டும்.

நம்ம பிள்ளைங்கள்ல சில பேர் கணக்கு எழுதுற வேலை, டேலி வேலை வீட்டுல இருந்தே செய்றாங்க. அவங்களுக்கு லிங்க்ட்இன்னு ஒரு இடம் இருக்கு, உத்தியோகக்காரங்களும் கம்பெனிக்காரங்களும் புழங்குற இடம். அதுல பேருக்குக் கீழே ஒரு தலைப்பு வரி வரும், 220 எழுத்து வரைக்கும் போடலாம். ஒரு அக்கா மகள் அதுல "வேலை தேடுகிறேன்"னு போட்டிருந்தா. நான் சொன்னேன், கண்ணு, உனக்கு வேலை வேணும்ங்கிறது உன் கவலை. படிக்கிற கடைக்காரருக்கு அவர் கவலை இருக்கும். அவருக்கு மாசாமாசம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும், அதுவும் அவர் பேசுற தமிழ் புரியிற ஆள். அதனால "சின்னக் கடைகளுக்கு டேலி கணக்கு, ஜி.எஸ்.டி. விவரம் தயார் செய்து தருகிறேன்; பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்"னு எழுதுன்னேன். ஒரு மளிகைக் கடையும் ஒரு ஹார்ட்வேர் கடையும் இப்ப அவகிட்டக் கணக்கு கொடுக்குது. பெரிய வருமானம்னு சொல்லமாட்டேன். அவ ஸ்கூட்டி தவணையை அவளே கட்டுறா.

இப்ப எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருக்கிற விஷயத்துக்கு வர்றேன். நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்தா கண்டவன் கூப்பிடுவானேன்னு. ஆமா, கூப்பிடுறான். எனக்கே ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ கால் வந்திருக்கு. முதல் தடவை கை நடுங்கிச்சு. "இதுக்குத்தான் வேண்டாம்னேன்"னு வீட்டுல ஒரு பேச்சு வரும் பாருங்க, அதுதான் அந்தக் காலைவிட அதிகமா வலிக்கும். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து நம்பரை மூடிட்டுத் தொழிலை விட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

நாங்க என்ன செஞ்சோம்னா, யார் முகத்தையும் படத்துல போடலை, கை மட்டும். யார் சொந்தப் பேரும் இல்லை. வீட்டுக் கதவு எண்ணோ தெருப் பேரோ எழுதலை, ஊர் மட்டும். கூகுள் மேப்புல கடையைப் பதிஞ்சாலும், வீட்டுக்கு ஆள் வரவேண்டாம்னா முகவரியை மறைச்சு எந்தெந்தப் பகுதிக்குக் கொடுப்போம்னு மட்டும் காட்ட வழி இருக்கு. அப்புறம் பலகையில நேரம் போட ஒரு இடம் இருக்கு: காலை 10 முதல் மாலை 6, ஞாயிறு விடுமுறை. அந்த நேரத்துக்கு வெளியே யார் மெசேஜ் போட்டாலும் "காலையில் பதில் சொல்கிறோம்"னு தானாப் போகிற மாதிரி வச்சுட்டோம். 6 மணிக்கு மேல அந்த சிம்முக்கு வர்ற காலை எடுக்கிறதில்லை. தப்பாப் பேசுறவனுக்குப் பதிலே கிடையாது, தடை பண்ணிட்டு அடுத்த வேலை. மீறித் தொந்தரவு பண்ணினா 181, பெண்கள் உதவி எண். ஐந்து பேருக்கும் இது தெரியும், வீட்டு ஆம்பளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கோம். இப்படி ஒரு ஏற்பாடு இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எங்க வீட்டுல அந்தப் பேச்சு நின்னுபோச்சு. முகத்தைப் போட்டுத் தொழில் செய்ற அக்காமாரும் இருக்காங்க, அவங்களுக்கு அது நல்லா ஓடுது. அது அவங்கவங்க முடிவு, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

பணத்துல ஏமாத்துறவன் இன்னொரு வகை. பலகை நல்லா இருந்தா அவனும் படிப்பான். "நான் ராணுவத்துல இருக்கேன், கேம்ப்புக்கு 50 கிலோ வேணும், விலையே பேசவேண்டாம், முழுப்பணமும் இப்பவே அனுப்புறேன்"னு இந்தியில பாதி இங்கிலீஷ்ல பாதி பேசுவான். அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவான். அப்புறம் ஒரு க்யூஆர் படம் அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்"பான். அக்கா தங்கச்சிகளே, பணம் வாங்குறதுக்கு நாம ரகசிய எண் போடவே தேவையில்லை. எண் கேட்டா, அது நம்ம கணக்குல இருந்து போறது. ஏமாந்துட்டாலும் வெட்கப்பட்டு ஒளிச்சு வைக்காதீங்க, உடனே 1930க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது.

பலகை எழுதி முடிச்சதும் வேலை முடிஞ்சுடலை. ஒரு ஆடி மாசம் நாங்க பத்து நாள் அடுப்பு பத்தவைக்கலை, ஒருத்தி வீட்டுல விசேஷம். பலகையில அதைச் சொல்லலை. மதுரையில இருந்து ஒருத்தர் ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டார். இப்ப மாசம் முதல் தேதி, குழுக் கூட்டம் முடிஞ்சதும் ஒருத்தி பலகையைச் சத்தமா வாசிப்பா. விலை மாறியிருக்கா, படம் பழசாயிடுச்சா, விடுமுறை போடணுமான்னு பார்ப்போம். பொருள் பட்டியல்னு அந்த ஆப்ல ஒரு இடம் இருக்கு, படமும் விலையும் போட்டு வைக்கலாம். எண்ணெய் விலை ஏறும்போது அதை மாத்த மறந்து ஒரு தடவை பழைய விலைக்கே 8 கிலோ கொடுத்தோம். கொடுத்துட்டோம், என்ன செய்றது, பலகையில நாங்கதானே எழுதினது.

அந்தச் சென்னை ஆச்சியைச் சொன்னேனே, அவங்க போன ஐப்பசியில மறுபடி மெசேஜ் போட்டாங்க. ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம், 60 கிலோ. முதல் வரியே, "இப்பத்தான் லாரிக்காரர் போயிட்டார்போல"ன்னு இருந்தது. தோட்டை அதுக்கு முன்னாடியே திருப்பிட்டோம். அந்த அக்கா இந்தக் கூட்டத்துலதான் எங்கேயோ உட்கார்ந்திருக்காங்க, தேடாதீங்க, கோவிச்சுக்குவாங்க.

சாப்பாடு தயாரா இருக்குன்னு சைகை காட்டுறாங்க. சாப்பிட்டு முடிச்சதும் நான் பின்பக்கத்து ஹால்ல இருப்பேன். தொழில் செய்றவங்க போனை எடுத்துக்கிட்டு வாங்க, சார்ஜ் போட்டுட்டு வாங்க. உங்ககிட்ட வாங்கினவங்க உங்களைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி யோசிச்சுட்டு வந்தீங்கன்னா, அங்கேயே உட்கார்ந்து எழுதிடலாம்.